பிடிஎஃப்-ல டெக்ஸ்ட் பாக்ஸ் நிறம் மாத்தணுமா? வெள்ளை அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஃபைனல் இயர் வந்ததும் வாழ்க்கையே பிடிஎஃப் ஆயிடும். கைடு கமென்ட் போட்டு அனுப்புறது பிடிஎஃப், நாம திருத்தி அனுப்புறது பிடிஎஃப், நோ ட்யூஸ் ஃபார்ம் பிடிஎஃப், ஆஃபர் லெட்டரும் (வந்தா) பிடிஎஃப்.

போன மாசம் ஜூனியர் பையன் ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் பண்ணான். "அண்ணா, டெக்ஸ்ட் பாக்ஸ் உள்ள இருக்கிற கலரை மாத்தவே முடியல. எழுத்து கலர்தான் மாறுது. நாளைக்கு செகண்ட் ரிவ்யூ." நான் ஒரே வரியில பதில் போட்டேன்: "பாக்ஸோட ஓரத்துல ரைட் கிளிக் பண்ணு, ப்ராப்பர்டீஸ் போ." ரெண்டு நிமிஷத்துல கட்டைவிரல் எமோஜி வந்துச்சு. வேலை முடிஞ்சது.

அப்புறம் படுத்துக்கிட்டே யோசிச்சேன், அவன் எந்த கலர் அடிக்கப் போறான்னு நான் கேட்கவே இல்லையேன்னு. மஞ்சள்னா பரவாயில்ல. வெள்ளைன்னா? ஏன்னா, இதே ஃபில் கலரை வெச்சு நான் ஒரு தடவை நல்லா மாட்டியிருக்கேன். அந்தக் கதை கீழே வருது. முதல்ல நிறம் மாத்துற வேலையை முழுசா பார்த்துடலாம், அது தெரிஞ்சாதான் கதையும் புரியும்.

நான் ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். அதனால மெனு பேரையெல்லாம் திரையில இருக்கிற மாதிரியே தமிழ் எழுத்துல போடுறேன். "நிரப்பு வண்ணம்"னு எழுதினா உங்களுக்கும் தேடத் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது.

முதல் விஷயம். நாம "டெக்ஸ்ட் பாக்ஸ்"னு ஒரே பேர்ல கூப்பிடுறது பிடிஎஃப்-ல மூணு வேற வேற ஐட்டம். உங்களுக்கு ஃபில் கலர் கிடைக்கலன்னா, பெரும்பாலும் மூணுல தப்பான ஒண்ணை வெச்சுக்கிட்டு தேடிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

ஒண்ணு, கமென்ட் டூல்ஸ்ல வர்ற டெக்ஸ்ட் பாக்ஸ். இது பக்கத்துக்கு மேல ஒட்டின ஒரு சீட்டு மாதிரி. இதுக்கு ஓரம் உண்டு, உள் நிறம் உண்டு. ரெண்டு, ஃபார்ம்ல பேர், ரோல் நம்பர் நிரப்பச் சொல்ற கட்டம். இதுக்கும் நிறம் உண்டு, ஆனா அதை மாத்துற இடம் வேற. மூணு, எடிட் பிடிஎஃப்-ல போய் ஆட் டெக்ஸ்ட் குடுத்து தட்டுற எழுத்து. இது பக்கத்தோட எழுத்தாவே சேர்ந்துடும். திருத்தும்போது சுத்தி ஒரு கட்டம் தெரியும், ஆனா அது பாக்ஸ் இல்ல, நீங்க பிடிச்சு நகர்த்துறதுக்காக சாஃப்ட்வேர் காட்டுற கோடு. அதுக்கு ஃபில் கலர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எழுத்தோட நிறம் மட்டும்தான் மாறும்.

இது போதாதுன்னு கமென்ட் டூல்ஸ்லயே இன்னொரு குழப்பம் இருக்கு. அக்ரோபேட்ல ஆட் டெக்ஸ்ட் கமென்ட்னு ஒண்ணு, ஆட் டெக்ஸ்ட் பாக்ஸ்னு ஒண்ணு, ரெண்டும் பக்கத்து பக்கத்துல. முதல்து பழைய டைப்ரைட்டர். வெறும் எழுத்து மட்டும் விழும், ஓரமும் இல்ல உள் நிறமும் இல்ல. ரெண்டாவதுதான் நமக்கு வேணும்.

சரி, அக்ரோபேட் ரீடர்ல செய்முறை. இலவச ரீடரே போதும், காசு கட்ட வேண்டாம். டெக்ஸ்ட் பாக்ஸை வரைஞ்சு, உள்ள எழுதுங்க. இப்போ கர்சர் எழுத்துக்குள்ள துடிச்சுக்கிட்டு இருக்கும். இந்த நிலைமையில நீங்க எந்த கலரைத் தொட்டாலும் எழுத்துதான் மாறும். என் ஜூனியர் மாட்டினது இங்கதான். வெளியே காலியான இடத்துல ஒரு கிளிக் பண்ணுங்க. திரும்ப வந்து பாக்ஸோட ஓரத்தை மட்டும் ஒரு தடவை கிளிக் பண்ணுங்க. மூலையில சின்னச் சின்ன பிடிகள் தெரிஞ்சா பாக்ஸ் செலக்ட் ஆயிடுச்சு. இப்போ ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ். அப்பியரன்ஸ்ங்கிற டேப்ல ஃபில் கலர், பார்டர் கலர், ஓரத்தோட தடிமன், ஒப்பாசிட்டி எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். உள் நிறமே வேண்டாம்னா கலர் பெட்டியில நோ கலர் குடுங்க. வெள்ளையும் நோ கலரும் ஒண்ணு இல்ல. நோ கலர்னா கண்ணாடி, அடியில இருக்கிறது தெரியும். வெள்ளைன்னா சுவர்.

ப்ராப்பர்டீஸ் திறந்தும் எல்லாம் மங்கலா இருந்து மாத்த விடலன்னா, அதே ஜன்னலோட கீழ்ப்பக்கம் லாக்டுன்னு ஒரு டிக் இருக்கான்னு பாருங்க. கைடு அவங்க கமென்ட்டை பூட்டி அனுப்பியிருக்கலாம். எடுத்துவிட்டா சரியாகும். (எடுக்கலாமாங்கிறது உங்க கைடைப் பொறுத்தது.) டிஜிட்டல் கையெழுத்து போட்ட ஃபைலா இருந்தா அது வேற கதை, அதைத் தொடாதீங்க.

நாப்பது பாக்ஸ் போடணும், ஒவ்வொண்ணா மாத்த பொறுமை இல்லையா? ஒரே ஒரு பாக்ஸை உங்களுக்குப் பிடிச்ச மாதிரி செட் பண்ணிட்டு, அதை ரைட் கிளிக் பண்ணி மேக் கரண்ட் ப்ராப்பர்டீஸ் டீஃபால்ட்னு குடுத்துடுங்க. அதுக்கு அப்புறம் வரையுற பாக்ஸ் எல்லாம் அதே நிறத்துல வரும். ஏற்கனவே வரைஞ்சது மாறாது.

மத்த சாஃப்ட்வேர்லயும் கதை இதேதான். ஃபாக்ஸிட், பிடிஎஃப் எக்ஸ்சேஞ்ச் ரெண்டுலயும் ஓரத்தைத் தொட்டு செலக்ட் பண்ணி ப்ராப்பர்டீஸ் போனா ஃபில் கலர் இருக்கும். மேக் வெச்சிருக்கிற பணக்காரங்களுக்கு ப்ரிவ்யூல மார்க்கப் டூல்பாரைத் திறந்தா பார்டர் கலருக்குப் பக்கத்துலயே ஃபில் கலர் பட்டன். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்லயே இப்போ பிடிஎஃப் மேல எழுதலாம், ஆனா அதுல எழுத்தோட நிறமும் அளவும்தான் மாத்த முடியும். உள் நிறம் தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

லிப்ரே ஆபீஸ் டிரா பத்தி தனியா ஒரு வார்த்தை. அது பிடிஎஃப்-ஐத் திறந்து எல்லாத்தையும் துண்டு துண்டா வரைபடப் பொருளா மாத்திடும். எந்தப் பெட்டியையும் செலக்ட் பண்ணி ஃபார்மட் மெனுவுல ஏரியா போனா நிறம் மாத்தலாம். அழகாத்தான் இருக்கும், ஃபைல் இங்கிலீஷ்ல இருக்கிற வரைக்கும். தமிழ் பிடிஎஃப்-ஐ அதுல திறந்து பார்த்தேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். நம்ம இதழோட பழைய இஷ்யூ ஒண்ணை அப்படித் திருத்தப் போய், கடைசியில முழுசா மறுபடி டைப் அடிச்சோம்.

அடுத்து ஃபார்ம். நீங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இருந்தா சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் செய்யுற வேலை உங்க தலையில விழும். அக்ரோபேட் ப்ரோல ப்ரிப்பேர் ஃபார்ம் போய், கட்டத்தை டபுள் கிளிக் பண்ணா ப்ராப்பர்டீஸ் வரும். அங்கயும் அப்பியரன்ஸ் டேப், அங்கயும் ஃபில் கலர். இது வரைக்கும் சுலபம். ஆனா வெள்ளை நிறம் குடுத்து சேவ் பண்ணிட்டு ரீடர்ல திறந்தா கட்டம் இன்னும் வெளிர் நீலமா நிக்கும். திரும்பப் போய் வெள்ளை குடுப்பீங்க. திரும்பவும் நீலம். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும்.

அந்த நீலம் உங்க ஃபைல்லயே இல்ல. "இங்கல்லாம் நீங்க நிரப்பணும்"னு காட்டுறதுக்காக ரீடர் தானா பூசுற நிறம் அது. எடிட் மெனுவுல ப்ரிஃபரன்ஸஸ், அதுல ஃபார்ம்ஸ் போனா ஹைலைட் கலர்னு இருக்கும், அதை எடுத்துவிட்டா போயிடும். ஆனா உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் போகும். வேற ஒருத்தர் திறந்தா அவங்க ரீடர் அவங்களுக்கு நீலம் காட்டும். பிரின்ட்ல எப்படியும் வராது. அதனால அந்த நீலத்தோட சண்டை போடாம விட்டுடுங்க.

இப்போ கொஞ்சம் மூடியைத் திறந்து உள்ள பார்ப்போம். நாம இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ்தானே.

பிடிஎஃப்-ஐ அடோபி 1993-ல வெளியிட்டாங்க. 2008-ல அது ஐஎஸ்ஓ 32000ங்கிற பொதுத் தரம் ஆச்சு. அந்தத் தரத்தின்படி ஒரு பக்கத்துக்கு ரெண்டு பகுதி. ஒண்ணு பக்கத்தோட உள்ளடக்கம்: எந்த எழுத்தை, எந்த இடத்துல, எந்த ஃபான்ட்ல வரையணும்னு வரிசையா சொல்ற கட்டளைகள். இன்னொண்ணு அனொட்டேஷன்ஸ்: ஹைலைட், ஸ்டிக்கி நோட், நம்ம டெக்ஸ்ட் பாக்ஸ் இதெல்லாம். திரையில காட்டும்போது உள்ளடக்கத்தை முதல்ல வரைஞ்சுட்டு, அனொட்டேஷன்களை அதுக்கு மேல வரைவாங்க. எப்பவும் மேலதான். அதனாலதான் ஒரு பாராவுக்குப் பின்னாடி நிறம் வரணும்னு அது மேல மஞ்சள் டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டா பாரா காணாமப் போகுது. அதுக்கு டெக்ஸ்ட் பாக்ஸ் தப்பான கருவி, ஹைலைட்டர்தான் சரி. ஹைலைட்டரும் மேலதான் விழுது, ஆனா அது அடியில இருக்கிற நிறத்தோட பெருக்கிக் கலக்குற மாதிரி வரையப்படுது. வெள்ளை மஞ்சளாகும், கறுப்பு கறுப்பாவே நிக்கும்.

டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ள நிறம் எப்படி எழுதியிருக்கும்? சிங்கிற ஒரே எழுத்துல ஒரு பெயர், அதுக்கு எதிரே ஒரு அர்ரே. மஞ்சள்னா 1 1 0. நாம பழகின 255 கணக்கு இங்க இல்ல, எல்லாம் 0-ல இருந்து 1 வரைக்கும். அர்ரேல மூணு எண் இருந்தா சிவப்பு, பச்சை, நீலம். நாலு இருந்தா அச்சகத்து மை கணக்கு. ஒண்ணே ஒண்ணு இருந்தா சாம்பல் அளவு. எதுவுமே இல்லாத காலி அர்ரேன்னா நிறம் இல்ல, அதாவது மேலே சொன்ன கண்ணாடி. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச டிசைன். எண்ணிக்கையே வகையைச் சொல்லிடுது.

ஆனா இதுலயே ஒரு பொறி இருக்கு. நிறத்தை எழுதி வெச்சதோட, அந்த பாக்ஸ் பார்வைக்கு எப்படி இருக்கணும்னு முன்கூட்டியே வரைஞ்ச ஒரு படமும் கூடவே சேவ் ஆகும். அப்பியரன்ஸ் ஸ்ட்ரீம்னு பேர். நிறைய வியூவர்கள் நிற எண்ணைப் பார்க்கிறதே இல்ல, அந்தப் படத்தை அப்படியே காட்டிடும். ஏதோ ஒரு சாஃப்ட்வேர் எண்ணை மட்டும் மாத்திட்டு படத்தைப் புதுப்பிக்காம விட்டா, ஒரு இடத்துல பச்சையா தெரியுற பாக்ஸ் இன்னொரு இடத்துல பழைய மஞ்சளாவே தெரியும். "ஃபோன்ல மாத்தினேன், லேப்டாப்ல மாறலையே"ங்கிற புகாருக்கு இது ஒரு முக்கியமான காரணம். பைத்தான்ல பைமுபிடிஎஃப் லைப்ரரி வெச்சு நிறம் மாத்துறவங்க கடைசியில அப்டேட் ஃபங்ஷனைக் கூப்பிட மறந்தாலும் இதே கதிதான். அந்தப் படத்தை மறுபடி வரையுறது அந்த ஃபங்ஷன்தான்.

என்ன நிறம் தேர்ந்தெடுக்கிறது? ரசனையில நான் தலையிடல. ஆனா உங்க ரிப்போர்ட் கடைசியில போய் நிக்கிற இடம் காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடை. அங்க கலர் பிரின்ட் விலை என்னன்னு உங்களுக்கே தெரியும், அதனால கறுப்பு வெள்ளைதான் எடுப்பீங்க. நிறத்தை சாம்பலாக்க பிடிஎஃப் தரத்துல ஒரு சூத்திரம் இருக்கு: சிவப்பை 0.3, பச்சையை 0.59, நீலத்தை 0.11-ஆல பெருக்கிக் கூட்டணும். மஞ்சளுக்குப் போட்டுப் பாருங்க, 0.89. ஏறக்குறைய வெள்ளை, எழுத்து நல்லா தெரியும். சுத்தமான சிவப்புக்கு 0.3. சுத்தமான நீலத்துக்கு 0.11, அது கிட்டத்தட்ட கறுப்பு. நீல பாக்ஸ்ல கறுப்பு எழுத்து போட்டுட்டு ஜெராக்ஸ் எடுத்தா எக்ஸ்டர்னல் கையில இருக்கிறது ஒரு கறுப்புச் செங்கல். எனக்குப் பிடிச்சது வெளிர் மஞ்சள், 255 கணக்குல 255, 255, 204. சாம்பல் மதிப்பு 0.98 வரும், ஜெராக்ஸ்ல சுத்தமா மறைஞ்சு எழுத்து மட்டும் நிக்கும்.

அடர் நிறத்தை எடுத்துட்டு ஒப்பாசிட்டியைக் குறைச்சு வெளிர் ஆக்கலாம்னு தோணும். வேண்டாம். ஒப்பாசிட்டி முழு பாக்ஸுக்கும் சேர்த்துதான், உள்ள இருக்கிற எழுத்தும் சேர்ந்து மங்கிடும். நேரா வெளிர் நிறத்தையே எடுங்க.

ஜெராக்ஸ் கடையைப் பத்தி இன்னொண்ணு. அக்ரோபேட்ல பிரின்ட் குடுக்கும்போது காமென்ட்ஸ் அண்ட் ஃபார்ம்ஸ்னு ஒரு பட்டியல் வரும். அதுல டாக்குமென்ட்னு மட்டும் இருந்தா உங்க டெக்ஸ்ட் பாக்ஸ் எதுவும் பிரின்ட்ல வராது. டாக்குமென்ட் அண்ட் மார்க்கப்ஸ்னு இருக்கணும். கடை அண்ணன் இருக்கிற கூட்டத்துல இதையெல்லாம் பார்க்க மாட்டாரு, பார்க்கவும் நேரம் இல்ல. அப்போ பாக்ஸ் இல்லாம பக்கம் மட்டும் வரும். பாக்ஸுக்கு அடியில என்ன இருந்துச்சோ அது வரும்.

இப்போ என் கதை.

தேர்ட் இயர் முடிஞ்ச லீவுல ஒரு சின்ன கம்பெனியில நாலு வாரம் இன்டர்ன்ஷிப் பண்ணேன். மோட்டாருக்கான கன்ட்ரோல் பேனல் செய்யுற இடம். அங்க இருந்த சார் நல்லா சொல்லிக் கொடுத்தாரு. கிளம்புற அன்னைக்கு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை பிடிஎஃப்-ஆ மெயில் பண்ணி, "இதை உன் ரிப்போர்ட்ல சேர்த்துக்கோப்பா. ஆனா கஸ்டமர் பேரும் ரேட்டும் வெளிய தெரியக் கூடாது, அதை மட்டும் எடுத்துடு"ன்னு சொன்னாரு. நானும் சரிங்க சார்னேன்.

எடுக்கணும்னுதான் அவரு சொன்னாரு. நான் செஞ்சது மறைச்சது. டெக்ஸ்ட் பாக்ஸ் வரைஞ்சேன், பார்டர் இல்ல, ஃபில் கலர் வெள்ளை, மேல "கஸ்டமர் ஏ"ன்னு அழகா அதே ஃபான்ட்ல அடிச்சேன். ரேட் இருந்த காலம் முழுசுக்கும் இன்னொரு வெள்ளைப் பெட்டி. ஜூம் பண்ணிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கே பெருமையா இருந்துச்சு. ரிப்போர்ட்டோட சேர்த்து அப்லோட் பண்ணேன். நல்லா இருக்குன்னு அதை கிளாஸ் குரூப்லயும் மாதிரிக்குப் போட்டாங்க.

நாலு நாள் கழிச்சு கைடு மேடம் கூப்பிட்டாங்க. கையில ப்ளேஜியரிசம் ரிப்போர்ட். "என்னப்பா இது, இந்தக் கம்பெனி பேரும் அட்ரஸும் அவங்க வெப்சைட்ல இருந்து எடுத்ததுன்னு காட்டுது. உன் ரிப்போர்ட்ல அப்படி ஒரு பேரே இல்லையே?" எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ப்ளேஜியரிசம் சாஃப்ட்வேர் பக்கத்தைக் கண்ணால பார்க்கிறது இல்ல. உள்ளடக்கத்துல இருக்கிற எழுத்தை உருவி எடுத்துப் படிக்குது. மேல ஒட்டின சீட்டோட நிறம் வெள்ளையா கறுப்பாங்கிறது அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. நான் மறைச்ச பேர், அட்ரஸ், ரேட் எல்லாம் வரிக்கு வரி அந்த ரிப்போர்ட்ல இருந்துச்சு.

மேடம் திட்டல. "அந்த சார்கிட்ட நீயே சொல்லிடு"ன்னாங்க. அதுக்குத் திட்டியிருக்கலாம். ஃபோன் பண்ணிச் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "அந்த ஃபைல் எத்தனை பேர்கிட்ட இருக்கு?" குரூப்ல அறுபத்து மூணு பேர். அவங்க யாருக்கு அனுப்பினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஃபைலை எடுத்துட்டோம், மாத்தின ஃபைலைப் போட்டோம், எனக்கு சர்டிஃபிகேட்டும் வந்துடுச்சு. இந்த வருஷம் அந்தக் கம்பெனி நம்ம பசங்க யாரையும் இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கல. அதுதான் காரணமான்னு நான் கேட்டுக்கல.

நான் மட்டும் இல்லைன்னு பின்னாடி படிச்சப்போ கொஞ்சம் ஆறுதல். 2000-த்துல நியூயார்க் டைம்ஸ் தன்னோட தளத்துல சிஐஏ-வோட பழைய ரகசிய ஆவணம் ஒண்ணை பிடிஎஃப்-ஆ போட்டுச்சு. 1953-ல ஈரான்ல நடந்த ஆட்சிக் கவிழ்ப்பைப் பத்தினது. அதுல இருந்த ஈரானியர்கள் பேரை கறுப்பு பூசி மறைச்சிருந்தாங்க. மெதுவான கம்ப்யூட்டர்ல திறந்தா முதல்ல பேர் தெரிஞ்சு, அப்புறம்தான் கறுப்பு வந்து மூடுச்சு. உள்ளடக்கம் முதல்ல, மறைப்பு அப்புறம்னு மேலே சொன்னேனே, அந்த வரிசையைக் கண்ணாலயே பார்த்திருக்காங்க. 2019 ஜனவரியில, டிரம்ப்போட 2016 தேர்தல் பிரச்சாரத்தை நடத்தின பால் மனஃபோர்ட்டோட வக்கீல்கள் கோர்ட்ல ஒரு பிடிஎஃப் தாக்கல் பண்ணாங்க. ரகசியமான வரிகள் மேல கறுப்புக் கட்டம். பத்திரிகைக்காரங்க அந்தக் கட்டத்தை செலக்ட் பண்ணி காப்பி எடுத்து வேற இடத்துல பேஸ்ட் பண்ணாங்க, அவ்வளவுதான். தேர்தல் கருத்துக்கணிப்புத் தகவல்களை கான்ஸ்டன்டின் கிலிம்னிக்ங்கிறவரோட அவரு பகிர்ந்ததா அரசுத் தரப்பு சொல்றது வரைக்கும் அன்னைக்கே செய்தி ஆயிடுச்சு.

உங்க ஃபைலைச் சோதிக்க ஹேக்கிங் எல்லாம் வேண்டாம். கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, நோட்பேட்ல கன்ட்ரோல் வி. மறைச்சது அங்க வந்தா நீங்க மறைக்கலன்னு அர்த்தம். இன்னும் சுலபமா, கன்ட்ரோல் எஃப் குடுத்து அந்தப் பேரைத் தேடுங்க. வெள்ளைப் பெட்டி மேல போய் நின்னு "இதோ இருக்கு"ன்னு காட்டும். அனொட்டேஷனை யாராவது கிளிக் பண்ணி டிலீட் தட்டினாலும் போச்சு.

"பிரின்ட் டு பிடிஎஃப் குடுத்தா எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும்ல?"னு கேட்பீங்க. நானும் முதல் திருத்தத்துல அதைத்தான் பண்ணேன். பெட்டி பக்கத்தோட ஒட்டிக்கும், யாரும் டிலீட் பண்ண முடியாது, சரிதான். ஆனா அடியில இருக்கிற எழுத்து எழுத்தாவே தங்கிடலாம். எனக்கு தங்குச்சு. நோட்பேட் சோதனையில மறுபடி அந்தப் பேர் வந்து நின்னுச்சு.

நிஜமா எடுக்கணும்னா முதல் வழி ரொம்ப சாதாரணம்: மூல ஃபைலுக்குப் போங்க. வேர்ட்ல அந்தப் பேரை அழிச்சு "கஸ்டமர் ஏ"ன்னு அடிச்சுட்டு புதுசா பிடிஎஃப் எடுங்க. மூலம் நம்மகிட்ட இல்லன்னா, வெச்சிருக்கிறவங்ககிட்ட கேளுங்க. நான் சார்கிட்ட ஒரு மெயில் போட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பாரு. மூலமே கிடைக்காதுன்னா ரிடாக்ட் டூல். அக்ரோபேட் ப்ரோல இருக்கு, இலவச ரீடர்ல இல்ல. அதுலயும் மார்க் பண்றது ஒரு படி, அப்ளை குடுக்கிறது அடுத்த படி. மார்க் மட்டும் பண்ணிட்டு சேவ் பண்ணிட்டுப் போனா ஒண்ணும் நடந்திருக்காது. காசில்லாத வழின்னா லிப்ரே ஆபீஸ். 2019-ல வந்த 6.3 வெர்ஷன்ல இருந்து டூல்ஸ் மெனுவுல ரிடாக்ட் இருக்கு. அது பக்கத்தையே படமாக்கி பிடிஎஃப் செய்யுறதால அடியில எழுத்தே மிச்சம் இருக்காது. கோட் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு பைமுபிடிஎஃப்-லயும் ரிடாக்ஷன் இருக்கு, அங்கயும் மார்க், அப்ளைன்னு ரெண்டு படிதான்.

ஸ்காலர்ஷிப்புக்கும் ரூம் வாடகைக்கும் ஆதார் பிடிஎஃப் அனுப்பும்போது நம்பர் மேல கறுப்புப் பெட்டி போடுறவங்க நம்ம ஹாஸ்டல்லயே நிறைய பேர் இருக்காங்க. அது தேவையே இல்ல. ஆதார் தளத்துல டவுன்லோட் பண்ணும்போதே மாஸ்க்டு ஆதார் வேணும்னு ஒரு டிக் இருக்கு. முதல் 8 இலக்கம் இல்லாம கடைசி 4 மட்டும் இருக்கிற ஃபைல் வரும். வாங்குறவங்க அதை ஏத்துப்பாங்களான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்குங்க.

அந்த ஜூனியருக்கு மறுநாள் காலையில மெசேஜ் பண்ணி என்ன கலர் அடிச்சேன்னு கேட்டேன். ஆரஞ்சாம். சாம்பல் மதிப்பு எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுச் சொல்லுன்னேன். இன்னும் பதில் வரல.